சின்னக் கடைக்காரங்க மனசார வாங்குற காப்புறுதி எப்படி இருக்கணும்? கோலாலம்பூர், பினாங்கு வியாபாரிகளிடம் ஒரு கேள்வி

பூச்சோங்_பையன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் கோலாலம்பூர்ல ஒரு காப்புறுதி கம்பெனியில தயாரிப்புப் பிரிவுல இருக்கேன். கம்பெனி பேர் வேணாம், விளம்பரம் பண்ண வரல.

சின்னத் தொழில் செய்யறவங்களுக்குன்னு புதுசா ஒரு பாலிசி போடச் சொல்லியிருக்காங்க. ஏற்கெனவே இருக்கிற கடைப் பாக்கேஜ்ல தீ, திருட்டு, கல்லாப் பணம், கண்ணாடி, பொதுப் பொறுப்புன்னு எல்லாம் இருக்கு. ஆனா போகவே மாட்டேங்குது. மேல இருக்கறவங்க "நம்ம ஆளுங்களுக்கு விழிப்புணர்வு இல்ல"ன்னு ஒரே வரியில முடிச்சிடறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. அதே கடைக்காரர் வேனுக்குக் கட்டறார், பிள்ளைங்க மெடிக்கல் கார்டுக்கு (ஆஸ்பத்திரிச் செலவுக் காப்புறுதி) மாசாமாசம் கட்டறார். வாழ்க்கை பூரா சம்பாதிச்சதைப் போட்டு வச்சிருக்கிற கடைக்கு மட்டும் கட்டறதில்ல. விழிப்புணர்வு இல்லாதவர் மத்ததுக்கு எப்படிக் கட்டுவார்?

நான் கேக்கறது ரொம்பச் சின்னக் கடைங்களை. வருஷ விற்பனை 300,000 வெள்ளிக்குள்ள (ரிங்கிட்), இல்லன்னா முழுநேர ஆள் 5 பேருக்கும் குறைவு. அரசாங்கம் மைக்ரோன்னு சொல்ற ரகம். "விலை அதிகம்"னு மட்டும் சொல்லிட்டுப் போயிடாதீங்க. வேற என்ன?

---

மஸ்ஜிட்_இந்தியா_துணிக்கடை

தம்பி, விலை பிரச்சினையே இல்ல. நான் சொல்றேன் கேளுங்க.

2024 ஆகஸ்ட் 23. ஜாலான் மஸ்ஜிட் இந்தியாவுல நடைபாதை உள்வாங்கி, இந்தியாவுல இருந்து வந்த ஒரு அம்மா குழிக்குள்ள போயிட்டாங்க. ஊரே டிவியில பார்த்துச்சு. தேடற வேலை நடந்தப்போ தடுப்பு போட்டாங்க, அது சரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்புறம் மக்கள் அந்தப் பக்கம் கால் வைக்கவே பயந்தாங்க. தீபாவளி அக்டோபர் 31. சூரத்துல இருந்தும் சென்னையில இருந்தும் சரக்கு வந்து இறங்கிட்டு இருக்கு. பண்டல் பிரிச்சி அடுக்கக்கூட இடமில்ல. வாசல்ல ஆளே இல்ல.

என்கிட்ட காப்புறுதி இருந்துச்சு. ஏஜெண்டுக்குப் போன் அடிச்சேன். "அண்ணே, கடைக்குள்ள ஏதாச்சும் சேதமா?"ன்னு கேட்டார். இல்ல. "அப்போ கிளைம் இல்லண்ணே." அவ்வளவுதான் பேச்சு.

கடையில ஒரு ஓடுகூட உடையல. ஆனா என் வருஷமே உடைஞ்சிச்சு. நீங்க செங்கல்லுக்குக் காப்புறுதி விக்கிறீங்க. எனக்குப் போறது வாசல்ல வர்ற கூட்டம்.

---

பழைய_ஏஜெண்ட்

அண்ணன் சொன்னது நியாயம்தான், ஆனா ஏன் அப்படின்னு மத்தவங்களுக்கும் தெரியட்டும்.

தொழில் முடக்கக் காப்புறுதின்னு ஒண்ணு இருக்கு. கடை மூடியிருக்கிற காலத்துக்கு விட்டுப்போன லாபத்தையும் நிக்காத செலவையும் குடுக்கும். ஆனா அது தனியா நிக்காது, தீ பாலிசியோட தோள்ல தொங்கும். பாலிசியில எழுதியிருக்கிற ஏதோ ஒரு ஆபத்தால பொருளுக்குச் சேதம் வந்திருக்கணும், அந்தச் சேதத்தால வியாபாரம் நின்னிருக்கணும். வழி அடைபட்டதுக்குன்னு சேர்க்கிற பிரிவும் பெரும்பாலும் அப்படித்தான், பக்கத்துல எங்கயோ காப்புறுதி செஞ்ச ஆபத்தால சேதம் நடந்திருக்கணும். மண் உள்வாங்கறதை நீங்க தனியாக் காசு கட்டிச் சேர்த்திருந்தாத்தான் பேச்சே.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தப்பவும் இதே கதை. கிருமி சுவத்தை இடிக்கலயே. அப்போ எத்தனை கடைக்காரங்க எனக்குப் போன் போட்டுத் திட்டினாங்கன்னு கணக்கே வைக்கல.

பூச்சோங் தம்பி, இன்னொரு விஷயத்தையும் உங்க மீட்டிங்ல போடுங்க. தீ பாலிசிக்கு ஏஜெண்ட் கமிஷன் 15 விழுக்காடு. சின்னக் கடை பிரீமியம் 200 வெள்ளின்னு வைங்க, என் கைக்கு 30 வெள்ளி. அதுக்கு நான் பிரிக்ஃபீல்ட்ஸ்ல பார்க்கிங் தேடி, ரெண்டு மாடி ஏறி, தவுக்கே (கடை முதலாளி) சாப்பிட்டு வர்ற வரைக்கும் காத்திருந்து, ஃபாரம் நிரப்பி, சேதம் வந்தா ஓடி... யார் செய்வா? அதனாலதான் எல்லா ஏஜெண்டும் மெடிக்கல் கார்டு விக்கப் போயிட்டான். விழிப்புணர்வு குறைவு வாங்கறவங்ககிட்ட மட்டும் இல்ல.

---

கத்திரிக்கோல் (செந்தூல்)

எங்க கதை இன்னும் சுருக்கம். முடிவெட்டுற கடையில என்ன இருக்கு எரிய? நாற்காலி, கண்ணாடி, ஏர்கோன். என் கையும் காலும்தான் கடை.

டெங்கி வந்து படுத்தேன். கடை பூட்டு. வாடகை பூட்டல. வேற ஆள் போட்டுத் திறக்கலாம்னா நம்ம தொழில்ல ஆள் கிடைக்கிற லட்சணம் எல்லாருக்கும் தெரியும். மெடிக்கல் கார்டு ஆஸ்பத்திரி பில்லைக் கட்டிருச்சி, நன்றி. வீட்டுக்கு வந்து எழுந்து நிக்க முடியாம இருந்த நாளுக்கு யார் குடுத்தா?

சொக்சோவுல (அரசாங்கத்தோட தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சுயதொழில் திட்டம் இருக்கு, 2017 சட்டம். முதல்ல டாக்சிக்காரங்களுக்கு வந்துச்சு, அப்புறம் மத்த தொழிலுக்கும் திறந்தாங்க. நான் கட்டறேன். கீழ்மட்டத் திட்டம் வருஷத்துக்கு 200 வெள்ளிகூட வராது. ஆனா அது வேலையில அடிபட்டாலோ, வேலையால நோய் வந்தாலோ மட்டும்தான். கத்தி வெட்டினா உண்டு, கொசு கடிச்சா கிடையாது.

எனக்கு ஒரே ஒரு பிரிவு போதும். டாக்டர் சீட்டு காட்டினா, கடை மூடின ஒவ்வொரு நாளுக்கும் 100 வெள்ளி. வேற எதுவும் வேணாம். கண்ணாடி நானே மாத்திக்கிறேன்.

---

பூச்சோங்_பையன்

கத்திரிக்கோல் அண்ணே, இதைத்தான் நான் உள்ளுக்குள்ள சொல்லிட்டு வர்றேன். நாளுக்கு இவ்வளவுன்னு பேசி வச்சித் தர்ற தொகை. எங்க கணக்கு ஆளுங்களுக்கு அதுல ஒரு பயம் இருக்கு: வியாபாரம் மந்தமான மாசத்துல எல்லாருக்கும் காய்ச்சல் வரும்.

அதைக் கட்டுப்படுத்த வழி இருக்கு. முதல் 3 நாள் கிடையாது. வருஷத்துக்கு 20, 30 நாள்னு ஒரு உச்சவரம்பு. நாள் தொகை உங்க உண்மையான நாள் வருமானத்துக்குக் கொஞ்சம் கீழயே இருக்கணும், படுத்திருக்கிறது லாபமா ஆயிடக் கூடாது. டெங்கியை ரத்தப் பரிசோதனை காட்டிடும், முதுகுவலியைக் காட்டாது. அதனால பட்டியல் போட்ட நோய், ஆஸ்பத்திரியில தங்கினது, எலும்பு முறிவு, இதுல இருந்து ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறேன்.

---

அச்சகம்_ஜாலான்_ஈப்போ

எல்லாரும் ஆசையாப் பேசறீங்க. நான் எதிர்க்கட்சி.

என் அச்சகத்துல மின்கசிவுல ஒரு மூலை எரிஞ்சிச்சு. பேப்பர் சரக்கும் ஒரு வெட்டுற மெஷினும் போச்சு, 20,000 வெள்ளி சேதம். பாலிசி 50,000-க்கு இருந்துச்சு. 20,000, 50,000-க்குள்ளதானே? முழுசா வரும்னு நினைச்சேன். வந்து பார்த்தவர் கடை பூரா அளந்து, எண்ணி, "உங்க மொத்தப் பொருள் மதிப்பு ஒரு லட்சம், நீங்க பாதிக்குத்தான் கட்டியிருக்கீங்க, அதனால சேதத்துலயும் பாதி"ன்னார். 10,000 வந்துச்சு. அதுலயும் பாலிசிப்படி நானே ஏத்துக்க வேண்டிய ஒரு தொகையைக் கழிச்சிட்டாங்க.

இதை விக்கும்போது யாராவது வாயைத் திறந்தாங்களா? 50,000 போதும்ணேன்னு சொன்னதே ஏஜெண்ட்தான். அதோட விட்டுட்டேன். இப்போ மாசம் ஒரு தொகையைத் தனிக் கணக்குல போடறேன், அதான் என் காப்புறுதி. கூட்டுப் பணம்கூட (சீட்டு மாதிரி எல்லாரும் சேர்ந்து போடறது) இதைவிட மேல், குலுக்கல்ல பேர் விழுந்தா கையில காசு.

---

பழைய_ஏஜெண்ட்

கூட்டுக்கு எதிரா 1971-லயே சட்டம் இருக்கு அண்ணே, பொதுவுல எழுதாதீங்க 😄

---

பிறை_அட்ஜஸ்டர்

நான் இந்த "வந்து பார்த்தவர்" ரகம். பினாங்கு, கெடா பக்கம் சேதம் மதிப்பிடற வேலை. அடிக்க வராதீங்க, சொல்லிடறேன்.

அச்சக அண்ணன் சொன்ன கணக்கு விதிப்படி சரி. சராசரி விதின்னு சொல்வோம். பாதி மதிப்புக்குக் கட்டினா மீதிப் பாதிக்கு நீங்களே காப்புறுதிக்காரர். பெரிய தொழிற்சாலைக்கு அது நியாயமான விதி. அங்க கணக்காளர் இருக்கார், ஆண்டுதோறும் மதிப்பீடு நடக்குது. சின்னக் கடையில அது கண்ணி மாதிரி வேலை செய்யுது. சரக்கு மதிப்பு எவ்வளவுன்னு கேட்டா முதலாளிக்கே தெரியாது.

லேபோ பாசார் பக்கம் ஒரு கடையில வெள்ளச் சேதம் பார்க்கப் போனேன். "கொள்முதல் பில் குடுங்கம்மா"ன்னா, ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தாங்க. உள்ள நனைஞ்ச கார்பன் தாள், நீல மசி பரவி, சப்ளையர் பேர் பாதி, தொகை பாதி. பாதி பில்லுல தேதியே இல்ல. அவங்க பொய் சொல்லலன்னு பார்த்தாலே தெரியுது. சுவத்துல தண்ணிக் கோடு முழங்காலுக்கு மேல இருக்கு, கீழ் அலமாரி பூரா சேறு. ஆனா என் அறிக்கைக்குக் கண்ணீர் ஆதாரம் இல்லையே. ரெண்டு மாசம் இழுத்துச்சு. அப்புறம் சப்ளையர் போன்ல இருந்த வாட்சாப் படங்கள்தான் காப்பாத்திச்சு. ஒவ்வொரு டெலிவரியையும் அந்தப் பையன் படம் எடுத்து அனுப்பியிருந்தான், நாளும் நேரமும் அதுலயே இருந்துச்சு.

அதனால பூச்சோங் தம்பி, நான் சொல்றது ரெண்டுதான். ஒரு குறிப்பிட்ட தொகை வரைக்கும், 50,000-ன்னு வைங்க, சராசரி விதியை எடுத்துடுங்க. எவ்வளவுக்கு எடுத்தாரோ அது வரைக்கும் நடந்த சேதம் முழுசா. பிரீமியம் கொஞ்சம் ஏறட்டும். ரெண்டாவது, மாசத்துக்கு ஒரு தடவை அலமாரியைப் படம் எடுத்து ஒரு எண்ணுக்கு அனுப்பினா அதையே ஆதாரமா ஏத்துக்குவோம்னு பாலிசியிலயே எழுதுங்க. எனக்கும் வேலை குறையும்.

---

பூமாலை_அக்கா (பினாங்கு லிட்டில் இந்தியா)

அட்ஜஸ்டர் தம்பி, அந்த பிஸ்கட் டின் என் வீட்டுலயும் இருக்கு!

என் சரக்கு மல்லிகை, சம்பங்கி, ரோஜா. பாதி இந்தியாவுல இருந்து விமானத்துல வருது, மீதி உள்ளூர். பூவை எத்தனை நாள் வச்சிருப்பே? குளிர்பெட்டி நின்னா மறுநாள் காலையில அத்தனையும் குப்பை. தைப்பூசத்துக்கு முந்தின ராத்திரி கரெண்ட் போனா என்ன ஆகும்னு யோசிச்சிப் பாருங்க, அந்த ஒரு நாள் வியாபாரத்துலதான் ரெண்டு மாச வாடகை இருக்கு.

2017 நவம்பர் 4 சனிக்கிழமை ராத்திரி, ஞாபகம் இருக்கா? புயல் காத்து, விடிய விடிய மழை, மரம் சாய்ஞ்சி, தீவு பூரா தண்ணி. அன்னைக்குப் போனது பூ மட்டும் இல்ல, பெட்டி மோட்டாரும் சேர்த்து. தீ பாலிசி இருந்துச்சு. வெள்ளம் அதுல இல்லையாம். தனியாச் சேர்க்கணுமாம். யாரும்மா எனக்குச் சொன்னா? தீ காப்புறுதின்னா தீக்கு மட்டும்தான்னு அப்போதான் தெரிஞ்சிச்சு.

---

பழைய_ஏஜெண்ட்

அக்கா, அடிப்படைத் தீ பாலிசியில தீ, இடி மின்னல், வீட்டு உபயோக கேஸ் வெடிப்பு, இவ்வளவுதான். வெள்ளம், புயல், குழாய் வெடிப்பு, கலவரம் எல்லாம் கூடுதல். வெள்ளத்துக்குப் பழைய டாரிஃப் (எல்லாக் கம்பெனிக்கும் பொதுவா வச்ச விலைப்பட்டியல்) விகிதம் 0.086 விழுக்காடு. ஒரு லட்சத்துக்கு 86 வெள்ளி, மேல 8 விழுக்காடு சேவை வரி. முழுப் பாலிசிக்கும் சேர்த்து 10 வெள்ளி முத்திரை வரி. 86 வெள்ளிக்குப் போய் வேணாம்னு சொல்றவங்க யாரும் இல்ல, கேக்காம விட்டவங்கதான் அதிகம். வெள்ளம் ஏறின இடத்துக்கு இப்போ விலையும் ஏறுது, சில கம்பெனி கையையே விரிக்குது, அது வேற சங்கதி.

கரெண்ட் போய்க் கெட்டுப்போற சரக்குக்குப் பாலிசி இருக்கு, ஆனா பெட்டி மெஷின் பழுதானா உண்டு, வெளியில லைன் போனா பெரும்பாலும் இல்ல. இருந்தாலும் முதல் சில மணி நேரம் கழிப்பாங்க.

---

பூச்சோங்_பையன்

அக்கா, உங்க வெள்ள விஷயத்துக்கு எங்க டீம்ல ஒரு யோசனை ஓடுது. சேதத்தையே அளக்காம, தண்ணி இந்த அளவுக்கு ஏறினா இவ்வளவுன்னு தானாப் பணம் போற மாதிரி. வடிகால் நீர்ப்பாசன இலாகாவோட ஆத்து நீர்மட்டக் கருவி இருக்கு, ஆன்லைன்ல எல்லாரும் பார்க்கலாம். குறிப்பிட்ட மட்டம் தாண்டினா மூணு நாள்ல 3,000 வெள்ளி கணக்குல விழும். பில் வேணாம், அட்ஜஸ்டர் வேணாம் (அட்ஜஸ்டர் அண்ணன் மன்னிக்கணும்).

---

பிறை_அட்ஜஸ்டர்

மன்னிச்சேன். ஆனா ஓட்டை சொல்றேன். ஆத்துல கருவி நல்லாத்தான் இருக்கும். கடை வாசல் சாக்கடையில வாழையிலையும் பிளாஸ்டிக்கும் அடைச்சி ஒரு மணி நேர மழையில முழங்கால் தண்ணி நிக்கும். ஆத்து மட்டம் ஏறவே இல்ல. கருவி "ஒண்ணும் நடக்கல"ங்கும். அக்காவுக்கு ஒரு காசும் வராது. மறுபக்கம், ஆறு ஏறி கடைக்குத் தண்ணியே வராத ஆளுக்கு 3,000 விழும். முதல் வருஷமே தெருவுல சண்டை.

கோலாலம்பூர்லயும் இதேதான். வெள்ளத் தண்ணியைத் திருப்பிவிடற ஸ்மார்ட் சுரங்கம் 2007-ல திறந்ததுக்கப்புறம் நகர மையத்துல ஆத்து வெள்ளம் குறைஞ்சிருக்கு, ஆனா திடீர் வெள்ளம் சாக்கடை சமாச்சாரம். கருவியை நம்பினா தெருவுக்கு ஒண்ணு மாட்டணும்.

---

மஸ்ஜிட்_இந்தியா_துணிக்கடை

மாட்டுங்களேன்? விளக்குக் கம்பத்துல கேமரா மாட்டறாங்க இல்ல?

இல்லன்னா ரெண்டையும் கலங்க. கருவி ஏறினா தானா 1,000 உடனே, மீதி ஆள் வந்து பார்த்தப்புறம். வெள்ளம் வந்த வாரத்துல எனக்கு வேண்டியது 50,000 இல்ல தம்பி. சேறு கழுவ ஆள் கூலி, பசங்க சம்பளம், வயரிங்காரன். முதல் வாரத்துல வர்ற 2,000, ஆறாவது மாசம் வர்ற 20,000-ஐ விடப் பெருசு. 2021 டிசம்பர்ல ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவுல என் மச்சான் கடை முங்கிச்சு. கைமாத்து வாங்கித்தான் கதவைத் திறந்தார். காப்புறுதிக் காசு வந்தப்போ அது கடனுக்கு வட்டியா போச்சு.

அப்புறம் சரக்கு விஷயம். மார்ச்சுல என் கடையில 80,000 வெள்ளி சரக்கு. தீபாவளிக்கு முந்தின மாசம் 200,000-க்கு மேல. எந்தத் தொகைக்கு நான் பாலிசி எடுக்கிறது? 80,000-க்கு எடுத்தா அச்சக அண்ணன் கதி. 200,000-க்கு எடுத்தா மீதி மாசமெல்லாம் இல்லாத சரக்குக்குக் கட்டறேன்.

---

பழைய_ஏஜெண்ட்

பெரிய கிடங்குகளுக்கு இதுக்குன்னே டிக்ளரேஷன் பாலிசி இருக்கு, மாசாமாசம் சரக்கு மதிப்பை எழுதிக் குடுத்து வருஷக் கடைசியில பிரீமியத்தைச் சரிபண்ணிக்கலாம். சின்னக் கடைக்கு யாரும் அதைக் காட்டறதில்ல, எழுதறதுக்கும் ஆள் இல்ல. பேசாம பாலிசியிலயே "தீபாவளிக்கு முந்தின 60 நாள், தைப்பூசம், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு முந்தின 30 நாள், தொகை தானா ரெண்டு மடங்கு"ன்னு போட்டுடலாம். யார் எந்தப் பண்டிகைக்காரர்னு எடுக்கும்போதே ஒரு டிக்.

---

கிள்ளான்_கணக்குப்பிள்ளை

யாரும் தொடாத ஒண்ணு. 2013 நிதிச் சேவைச் சட்டத்தோட 9-ஆம் அட்டவணை. சொந்த வீட்டுக்கு, சொந்தக் காருக்குக் காப்புறுதி எடுக்கிறவர் பயனீட்டாளர். கம்பெனி கேட்ட கேள்விக்கு ஒழுங்காப் பதில் சொன்னாப் போதும். தொழிலுக்காக எடுத்தா அந்தப் பாதுகாப்பு கிடையாது. கேக்காத விஷயமா இருந்தாலும், முக்கியம்னு உங்களுக்குத் தெரிஞ்சதை, ஒரு சாதாரண ஆளுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியதை, நீங்களே சொல்லியிருக்கணும். பூமாலை அக்காவையும் பன்னாட்டுக் கம்பெனியையும் சட்டம் இந்த விஷயத்துல ஒரே தட்டுல வைக்குது.

மாடியில பலகைத் தரை, பின்னால சாமி விளக்கு எரியுது, பக்கத்துக் கடையில சாம்பிராணி கிடங்கு. இதையெல்லாம் சொல்லணும்னு அக்காவுக்கு எப்படித் தெரியும்? ஜார்ஜ் டவுன் பழைய கடைவீடுகள் பலதுல மாடித் தரை மரம்தான்.

சட்டத்தை மாத்த உங்களால முடியாது தம்பி. ஆனா உங்க பாலிசியில "நாங்க கேட்ட இந்த ஏழு கேள்விக்கு மேல எதையும் மறைச்சதா சொல்ல மாட்டோம்"னு ஒரு வரி போட யாரும் தடுக்கல. நான் என் கஸ்டமர் நாப்பது பேருக்கு அதைக் காட்டியே வாங்க வைப்பேன்.

---

கத்திரிக்கோல்

கேள்வி தமிழ்லயும் இருக்கணும். மலாய்ல இருந்தா பரவால்ல, படிச்சிருவோம். இங்கிலீஷ்ல மட்டும் எட்டுப் பக்கம்னா கையெழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவோம்.

---

அச்சகம்_ஜாலான்_ஈப்போ

சராசரி விதியை எடுக்கிறேன்னு எழுத்துல காட்டுங்க, அப்புறம் பேசலாம். அது வரைக்கும் என் தனிக் கணக்கு போதும். மேல முறையிட இடம் இருக்குன்னு அன்னைக்கு எனக்கு யாரும் சொல்லவும் இல்ல.

---

பிறை_அட்ஜஸ்டர்

இருக்கு அண்ணே. முன்னாடி நிதிச் சேவை ஓம்பட்ஸ்மன் (கம்பெனி மேல இருக்கிற புகாரை விசாரிக்கிற நடுவர் அமைப்பு), 2025 ஜனவரியில இருந்து பங்குச் சந்தை முறையீட்டு அமைப்போட சேர்ந்து நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவை ஆயிடுச்சு. முறையிடறவருக்குக் கட்டணம் இல்ல. கம்பெனியோட கடைசி பதில் கைக்கு வந்ததுமே போகணும், காலக்கெடு உண்டு. ஆனா மறைக்காம சொல்றேன், சராசரி விதியைச் சரியாப் போட்டிருந்தா அங்க போயும் பெருசா மாறாது.

---

பூச்சோங்_பையன்

எல்லாருக்கும் நன்றி. நாளை மறுநாள் உள்ள மீட்டிங். நான் எடுத்துட்டுப் போறதைச் சொல்லிடறேன், ஏமாத்த விரும்பல.

பண்டிகைக்குத் தானா ஏறுற தொகை, 50,000 வரைக்கும் சராசரி விதி நீக்கம், வாட்சாப் படத்தை ஆதாரமா ஏத்துக்கிறது, ஏழு கேள்வி. இந்த நாலுக்கும் நான் சண்டை போடுவேன், கிடைக்கும்னு நம்பறேன். முதல் வாரத்துல ஒரு பகுதி முன்பணம், அதுக்கு கிளைம் பிரிவு ஒத்துக்கணும். நாள் தொகையை முதல்ல முடிதிருத்துறவங்க, தையல்காரங்க மாதிரி ஒத்தை ஆள் தொழில்களுக்கு ஒரு சங்கத்து மூலமா குழுப் பாலிசியா விட்டுப் பார்க்கலாம். அப்போ ஏஜெண்ட் அண்ணன் சொன்ன 30 வெள்ளிப் பிரச்சினையும் கொஞ்சம் தீரும், ஒரே கையெழுத்துல நூறு கடை.

தெரு மூடினா வர்ற நஷ்டம், துணிக்கடை அண்ணே, அதுதான் கஷ்டம். ஒரே நேரத்துல தெரு பூரா கிளைம் வரும், மறுகாப்புறுதிக்காரங்க (எங்களுக்கே காப்புறுதி குடுக்கிறவங்க) பின்வாங்குவாங்க. அதிகாரிங்க தடுப்பு போட்ட நாளுக்கு மட்டும், 14 நாள் வரைக்கும்னு ஒரு சின்னப் பிரிவா கேக்கப் போறேன். மக்கள் பயந்து வராம இருந்த மாசங்களுக்கு என்கிட்ட வழி இல்ல.

உங்க கடையை ஒரு தடவை நேர்ல பார்க்கலாமா? மார்ச் சரக்கையும் பண்டிகைச் சரக்கையும் பக்கத்துல பக்கத்துல படமாக் காட்டினா எங்க கணக்கு ஆளுங்களுக்குச் சீக்கிரம் புரியும். சனிக்கிழமை வரவா?

---

மஸ்ஜிட்_இந்தியா_துணிக்கடை

சனிக்கிழமை வேணாம், கடையில கூட்டம், பேச முடியாது. செவ்வாய்க்கிழமை காலையில பத்தரைக்கு வாங்க. போன வருஷப் பண்டிகைப் படம் மகள் போன்ல இருக்கு, எடுத்து வைக்கச் சொல்றேன். உங்க கணக்கு ஆளையும் கூட்டிட்டு வாங்க, பண்டல் மேல ஏறி அவரே எண்ணட்டும்.